சட்டையில் டூ ஸ்ட்ரோக் வாசம்

உங்கப்பாவுக்கும் முட்டிதானுங்களா தம்பி? இடுப்பா... இடுப்பு பரவால்ல கண்ணு. கீழ உழுந்துட்டாருன்னு வெளிய சொல்லிக்கலாம். எங்க வூட்டுக்காரருக்கு வலது முட்டி. காலைலயே ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோனாங்க. இன்னும் ஒரு தகவலும் காணோம். டாக்டரு தேய்மானம்ங்கறாரு. வயசானா எலும்பு தேயுமாம். "ஏனுங் டாக்டரு, இடது முட்டிக்கும் அதே வயசுதானுங்களே, அது மட்டும் எப்படிக் கல்லாட்டம் இருக்குது?"ன்னு கேட்டேன். "வலது காலுக்கு ஏதாச்சும் அதிகமா வேலை குடுப்பாராம்மா?"ன்னாரு. "ஒண்ணுமில்லீங்க, தெனமும் புல்லட்ட ஒதைக்கறதோட சரி"ன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அதுல சிரிக்க என்ன இருக்குது?

காரணம் என்னன்னு நான் சொல்றேன். டூ ஸ்ட்ரோக்கு.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. கலியாணம் ஆயிருச்சா? ஆகலையா. அப்ப சிரிக்கலாம்.

எங்க ஊரு உடுமலைக்குத் தெக்க. தென்னந்தோப்பு, கொஞ்சம் மாடு. எங்க வூட்டுக்காரரு பேரு ஆறுச்சாமி. பேரு சொல்லமாட்டேன்னு நெனைச்சீங்களா? இப்பெல்லாம் சொல்றதுதான். முந்தி சொல்லாம இருந்தேன், அந்த மரியாதைய அவரே கெடுத்துக்கிட்டாரு. அதத்தான் சொல்ல வர்றேன். பீடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது, ஊருக்குள்ள யாரு கேட்டாலும் நல்ல மனுசன்னுதான் சொல்லுவாங்க. ஒரே ஒரு ஆசை, புல்லட்டு. பழைய வண்டி. என்னைப் பொண்ணு பாக்க வந்ததே அதுலதான். நான் உள்ள அடுப்படில நின்னுட்டிருக்கேன், வெளிய தட்... தட்... தட்...ன்னு சத்தம். மாப்பிள மூஞ்சிய அப்பறந்தான் பாத்தேன். பாக்கறதுக்கு முன்னாடியே சரின்னு சொல்லியாச்சு.

இதுனால எனக்கு வண்டிப் பைத்தியம்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுந் தெரியாது. பொம்பளைக்கு எதுக்குங்க அதெல்லாம். புல்லட்டு ஃபோர் ஸ்ட்ரோக்கு, அவ்வளவுதான் தெரியும். காத்தையும் பெட்ரோலையும் இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், பொகைய வெளிய தள்ளும். நாலு வேலை, ஒண்ணொண்ணும் தனித்தனியா, பதட்டமில்லாம. டூ ஸ்ட்ரோக்கு அப்படியில்ல. சோத்தத் திங்கும்போதே கை கழுவற அவசரம். பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஊத்தோணும். பாதி எரியும், மீதி பின்னாடி வர்றவன் மூஞ்சில. சத்தமாவது நல்லாருக்கா? ரிங் டிங் டிங் டிங்ன்னு, தகர டப்பாக்குள்ள கூழாங்கல்லப் போட்டு ஆட்டறாப்ல.

என் தம்பி நாச்சிமுத்து வெச்சிருக்கற பைக்கு அந்த டூ ஸ்ட்ரோக்குதான். எஸ்டி. அவனும் பழைய வண்டின்னுதான் வெச்சிருக்கான். பொறந்த வூட்ல எல்லாரும் ஒழுங்கு, இவன் ஒருத்தன் இப்படி.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் தை மாசம், பொங்கல் முடிஞ்சதும், ஊமப்பாறைன்னு ஒரு எடத்துல வண்டிப் போட்டி நடக்கும். ரேஸ் இல்லீங்க. ரேஸுன்னா யாரு வேணும்னாலும் ஆக்ஸிலேட்டர முறுக்கலாமே. இது வேற. பாறை மேல ரெண்டு பக்கமும் கொடி நட்டு வெச்சிருப்பாங்க. அந்தக் கொடிக்கு நடுவுல, குழி, குண்டு, வழுக்கு, எல்லாத்துலயும் ஏறி எறங்கி வெளிய வரோணும். காலு கீழ படக்கூடாது. பட்டா மார்க்கு. மார்க்கு கொறைச்சலா வாங்கினவருக்குத்தான் கோப்பை. படிப்புக்கு நேர் எதிரு. எவ்வளவு மெதுவாப் போனாலும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. புதுசு புதுசா எலும்புக்கூடாட்டம் வண்டியெல்லாம் வரும். பழைய வண்டிக்குத் தனிப் பிரிவு. அதுல வருசா வருசம் எங்க வூட்டுக்காரரும் என் தம்பியும்தான் மோதிக்குவாங்க. மத்தவங்கெல்லாம் பேருக்கு.

புல்லட்டு அந்தப் பாறைல ஏறறத நீங்க பாக்கோணும் தம்பி. அவ்வளவு கனம், எரும மாட்டாட்டம். ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி டயரு கல்லக் கடிக்கும். கடிச்சு, ஒரு மூச்சு விட்டு, மறுபடி கடிக்கும். அந்த மூச்சுக்குள்ள டயரு ஒரு புடி புடிச்சுக்கும், அதான் வழுக்கறதில்ல. அவரு எந்திரிச்சு நின்னுட்டுத்தான் ஓட்டுவாரு. என் தம்பி வண்டி வெடுக் வெடுக்குன்னு தவ்வும், ஆட்டுக்குட்டி. தவ்வினா ஏறிரும், ஒத்துக்கறேன். ஆனா அதுல ஒரு கௌரவம் வேண்டாமா? வருசா வருசம் அவருதான் கோப்பை வாங்குவாரு. எனக்கென்னமோ அதுலெல்லாம் இஷ்டமில்லீங்க, சோறு கட்டிக் கொண்டுபோவேன், முன்னாடி கல்லுல எடம் புடிச்சு உக்காந்துக்குவேன், அவ்வளவுதான்.

போன ஐப்பசில ஒரு நாள் துணி தொவைக்கறேன். அவரு சட்டைய எடுத்தா ஒரு வாசம். மோந்து பாத்தேன். மறுபடி மோந்தேன். எரிஞ்ச டூ டி ஆயிலு, டூ ஸ்ட்ரோக்கு பெட்ரோல்ல கலக்கறது.

வேற பொம்பளையா இருந்தா மல்லிகைப்பூ வாசம், சென்ட்டு வாசம்னு கண்டுபுடிப்பா. அதுகூடப் பரவால்லீங்க. கேட்டா, சண்டை போட்டா, ஊரு நாலு பேரு நம்ம பக்கம் நிப்பாங்க. இத வெளிய எப்படிச் சொல்றது?

அவருகிட்ட ஒண்ணும் கேக்கல. கவனிக்க ஆரம்பிச்சேன். கவனிச்சா எல்லாம் தப்பாத்தான் இருந்துச்சு. புல்லட்டு மேல போர்வையப் போட்டு மூடி வெச்சிருக்காரு. எங்க போனாலும் பஸ்ஸு. "ஏனுங், வண்டில போறதில்லையா?"ன்னா, "டிராபிக்கா இருக்குது தெய்வா"ங்கறாரு. எங்க ஊருல டிராபிக்! ரெண்டு ஆடும் ஒரு டிராக்டரும். மாடிப்படி ஏறினா ஒரு காலு வெச்சு, இன்னொரு காலையும் அதே படில வெச்சு, அப்பறம் அடுத்த படி. சத்தம் கேக்காம ஏறற திருட்டுத்தனம்! சாப்பிடக் கீழ உக்கார மாட்டேங்கறாரு, நாற்காலில உக்காந்துக்கறாரு. எம் மூஞ்சிக்கு நேர உக்கார மனசு குறுகுறுக்குது, வேறென்ன? ராத்திரில தூக்கமில்லாம காலத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாரு. செஞ்ச தப்பு தூங்க விடுமா?

ஒரு நாளு, "உரம் வாங்கப் போறேன்"னு கெளம்பினாரு. அடுத்த பஸ்ஸுல நானும் ஏறிட்டேன். உரக்கடைப் பக்கம் எட்டிப் பாத்தேன், ஆளில்ல. எனக்குத் தெரியும் எங்கன்னு. நேரா என் தம்பி தோட்டத்துக்குப் போனேன்.

வாய்க்கா தூர்வாரினப்ப கொட்டின கல்லெல்லாம் அங்க மேடா கெடக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டுருச்சு. ரிங் டிங் டிங் டிங். எட்டிப் பாக்கறேன். எங்க வூட்டுக்காரரு, அந்த எஸ்டி மேல. எந்திரிச்சு நிக்காம, நோகாம உக்காந்துட்டு, காலு ரெண்டையும் அதுல வெச்சு, கல்லு மேட்டுல தவ்வி தவ்வி ஏறறாரு. ஏறறதுகூடப் பொறுத்துக்குவேன் கண்ணு. சிரிக்கறாரு. பல்லு தெரிய, சின்னப் பையனாட்டம். புல்லட்டு ஓட்டறப்ப அவரு ஒரு நாளும் சிரிச்சதில்ல. மூஞ்சிய இறுக்கமா வெச்சுக்குவாரு. அதுதான் சந்தோசம்னு நான் இத்தன வருசமா நெனைச்சுட்டிருந்தேன்.

என் தம்பிதான் என்னை மொதல்ல பாத்தான். "அக்கா..."ன்னான்.

"எத்தன நாளா நடக்குது?"ன்னேன்.

அவரு வண்டிய நிறுத்தினாரு. "தெய்வா, நீ நெனைக்கற மாதிரி இல்ல."

"நான் என்ன நெனைக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சும்மா... காலு ஒரு சுத்து பழகிக்கட்டும்னு..."

"வூட்டுல ஒருத்தி கூரைக்குக் கீழ போர்வையப் போத்திட்டுக் கெடக்கறா. உங்களுக்கு இங்க சிரிப்பு கேக்குதா?"

தம்பி பொண்டாட்டி கனகு எளனி வெட்டிக் கொண்டாந்தா. "அண்ணி, வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க"ன்னா. கை நனைக்கல நான். எடம் குடுத்தவளே அவதான. வந்த வழியே திரும்பி நடந்துட்டேன். பஸ்ஸுல அழுதேங்க. டிக்கெட்டு குடுக்கறவரு, "சாவு வூடாம்மா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற என்ன சொல்ல?

நாலஞ்சு நாள் கழிச்சு என் தம்பி வந்தான். வாசல்லயே நிக்க வெச்சேன். "அக்கா, மச்சானுக்கு வலது முட்டி போச்சு. புல்லட்டுக்கு கிக்கர் வலது பக்கம். ஒதைக்க முடியல. எஸ்டிக்கு இடது பக்கம் கிக்கரு, லேசாத் தட்டினாப் போதும். அதனாலதான் வந்தாரு. உன்கிட்டச் சொல்ல அவருக்குக் கூச்சம்"னான்.

"அவருக்கு முட்டி போனா எனக்குத் தெரியாதா? கூட இருக்கறவ நானா நீயா?"

"புல்லட்டு ஓட்டறதுனாலதான் நீ அவர மதிக்கறேன்னு நெனைக்கறாருக்கா."

"டூ ஸ்ட்ரோக்குக்காரன் எல்லாரும் இப்படித்தான்டா. ஆள் சேக்கறதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க"ன்னு கதவச் சாத்திட்டேன்.

அவரு வந்ததும் சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். "தை மாசம் ஊமப்பாறைல புல்லட்டுதான் ஏறோணும். உங்க இஷ்டம்னா என் தம்பி வண்டில ஏறுங்க. அப்படி ஏறினா அந்த வூட்டுலயே சோத்தையும் தின்னுக்கலாம்." அவரு தட்டையே பாத்துட்டு இருந்தாரு. "சரி தெய்வா"ன்னாரு. முட்டி வலின்னு அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. அதனால பொய்யின்னு எனக்கு உறுதியாயிருச்சு.

போட்டியன்னிக்குக் காலைல வண்டிய ஒதைக்காம வாசல் சரிவுல உருட்டிவிட்டுக் கிளப்பினாரு. ஸ்டைலு பண்றாருன்னு நெனைச்சேன். ஊமப்பாறை போயும் வண்டிய ஆஃப் பண்ணவே இல்ல. பெட்ரோல் தீருதேன்னு நான் சத்தம் போட்டேன். என் தம்பி எம் மூஞ்சியப் பாத்தான், மச்சான் மூஞ்சியப் பாத்தான்.

மொத கொடி வரிசை, காலு கீழ படல. ரெண்டாவது, படல. சனம் கை தட்டுது. தட்... தட்... தட்...ன்னு ஏறறாரு, யோசிச்சு யோசிச்சு ஏறறாப்ல. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மாகிட்ட, "எங்க வூட்டுக்காரரு"ன்னு சொன்னேன். அந்தம்மா எனக்கு ஒரு முறுக்கு குடுத்துச்சு.

கடைசி வரிசை ஒரு வழுக்குப் பாறை. நடுவுல ஒரு படியாட்டம் இருக்கும், அதுல தூக்கி ஏத்தோணும். எந்திரிச்சு நின்னு, முட்டிய மடக்கி, வண்டியத் தூக்கினாரு. முன் சக்கரம் ஏறிருச்சு. பின் சக்கரமும் ஏறிருச்சு. அப்பத்தான் அந்த வலது காலு... ஒடைஞ்ச கொடைக் கம்பியாட்டம் மடங்குச்சு தம்பி. கை ஆக்ஸிலேட்டர விட்டுருச்சு. வண்டி நின்னுருச்சு.

சத்தமே இல்ல. இடது கால ஊனி வண்டியப் புடிச்சுட்டு நிக்கறாரு. கிக்கர்ல வலது கால வெச்சாரு. அமுக்கினாரு. கால் எறங்கல. மறுபடி வெச்சாரு. மூஞ்சி சாம்பலாப் போச்சு. எறங்கவும் முடியல, ஒதைக்கவும் முடியல, வண்டியக் கீழ போடவும் மனசில்ல. திரும்பி என்னைத்தான் பாத்தாரு. தம்பியப் பாக்கல, நடுவரப் பாக்கல. என்னை. அந்தப் பார்வையப் பத்தி நான் சொல்லமாட்டேன், விடுங்க.

முறுக்க அந்தம்மா மடில போட்டேன். சேலைய வாரிச் சொருகினேன். கொடிக்கு உள்ள எறங்கினேன்.

அரைக்கால் டவுசர் போட்ட நடுவரு ஒருத்தரு விசில ஊதிக்கிட்டே ஓடி வர்றாரு. "அம்மா, வெளியாளு உள்ள போகக்கூடாது! போனா ஆட்டத்துல இல்ல!"

"நான் வெளியாளா? தாலியக் காட்டட்டுமா?"ன்னேன். அவரு விசில எடுத்துட்டாரு.

செருப்பக் கழட்டிட்டுப் பாறைல ஏறினேன். பக்கத்துல போய் நின்னேன். அவரு மூச்சு வாங்கறது கேக்குது. "லீவரப் புடிங்க"ன்னேன். அந்த வண்டியச் சும்மா ஒதைச்சா திருப்பி ஒதைக்கும். இடது கைப்பக்கம் சின்ன லீவர் ஒண்ணு இருக்கும், அதப் புடிச்சுட்டு கிக்கர மெதுவா அமுக்கோணும், மீட்டர்ல முள்ளு நடுவுல வரும், அப்பறம் லீவர விட்டுட்டுத்தான் ஒதைக்கோணும். அவரு புடிச்சாரு. நான் அமுக்கினேன்.

"முள்ளு வந்துருச்சா?"

"இன்னும் கொஞ்சம்... வந்துருச்சு."

"விடுங்க."

ஒதைச்சேன். பொஸ்ஸுன்னுச்சு. மறுபடி ஒதைச்சேன். தட்.

"நீ எப்படி...?"ன்னாரு.

"நீங்க என் தம்பி தோட்டத்துல சிரிச்சுட்டிருந்தப்ப நான் வூட்டுல சும்மாவா இருந்தேன்? அதுபாட்டுக்குக் கெடந்தா கெட்டுப் போகாதா? வாரத்துக்கு ஒருக்கா ஒதைச்சு ஓடவிட்டுத்தான் வெச்சேன். பேசாம ஏறுங்க"ன்னேன்.

"முட்டி, தெய்வா..."

"தெரியுது. ஏறுங்க."

உக்காந்துட்டே ஏறினாரு. நான் பின்னாடி கைவெச்சுத் தள்ளினேன். மேல போய்ச் சேந்தப்ப சனம் போட்ட சத்தம், அது எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, நாங்கதான் ஆட்டத்துலயே இல்லையே. நடுவருகிட்ட அரை மணி நேரம் வாதாடிப் பாத்தேன். பொண்டாட்டி ஒதைக்கக்கூடாதுன்னு சட்டத்துல எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன். அப்படி எழுதல, ஆனா கூடாதுங்கறாரு. கோப்பை என் தம்பிக்குப் போச்சு. அத வாங்கிட்டு அவன் அழுவறான், மச்சான் ஜெயிக்கவேண்டியதுன்னு. நல்லவன்தான். வண்டிதான் சரியில்ல.

அன்னிக்குச் சாயங்காலம் அவரு முட்டி பலாப்பழமாட்டம் வீங்கிருச்சு. எண்ணெ தேச்சுவிட்டேன். "ஏனுங், வலின்னு சொல்லியிருக்கக்கூடாதா?"ன்னேன். "சொன்னா வண்டிய வித்துரலாம்னு சொல்லுவே, அப்பறம் எந்தச் சத்தத்தக் கேட்டு நீ வாசலுக்கு வருவே?"ன்னாரு. மனுசனுக்கு அறிவு இருக்குதா பாருங்க. நானா விக்கச் சொல்லுவேன்? அவர வித்தாலும் விப்பேனே தவிர.

அப்பறம் எக்ஸ்ரே, ஸ்கேனு, இங்க வந்து உக்காந்திருக்கோம். காலைல உள்ள போறதுக்கு முன்னாடி, பச்சைச் சட்டையெல்லாம் மாட்டிவிட்டாங்க, அப்ப எங் கையப் புடிச்சாரு. ஏதோ ஆறுதலாச் சொல்லப் போறாருன்னு குனிஞ்சேன். "தெய்வா, கால் சரியானா நாச்சிமுத்துகிட்ட இருந்து அந்த எஸ்டிய நான் வாங்கிக்கட்டுமா?"ன்னாரு. ஆப்பரேசனுக்குப் போற மனுசன் கேக்கற கேள்வியா இது! நான் பதிலே சொல்லல. கதவச் சாத்திட்டாங்க. அதுல இருந்து இந்தச் சுவத்தையே பாத்துட்டு இருக்கேன். வேணாம்னா, அந்தச் சிரிப்பு இருக்குதில்ல, அது போயிரும். சரின்னா, நான் என்னாகறது?

என்ன தம்பி? புல்லட்டுக்குச் செல்ஃப் ஸ்டார்ட்டர் வெச்சுக்கலாமா? சுச்ச அமுக்கினா ஓடுமா? ஏஞ்சாமி, இருக்கற ரெண்டு போதாதுன்னு மூணாவதா ஒருத்தியக் கொண்டாறச் சொல்றீங்களா?

இருங்க, சிஸ்டர் கூப்புடறாங்க. ஆறுச்சாமின்னுதான சொன்னாங்க? எம் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க கண்ணு. வந்துர்றேன்.

...நல்லாருக்காருங்க. நல்லபடியா முடிஞ்சுதாம். காலக் கட்டி வெச்சிருக்காங்க. இருங்க, கண்ணுல தூசி. ஃபேனுக் காத்து.

மயக்கம் இன்னும் தெளியல. கண்ண மூடிட்டு வாய்ல என்னமோ முனகறாரு. சிஸ்டர் பயந்துக்கிட்டு, "அம்மா, வலில பொலம்பறாரா, என்ன சொல்றாருன்னு பாருங்க"ன்னா. காதக் கொண்டுபோய் வெச்சுக் கேட்டேன். ரிங் டிங் டிங் டிங்... ரிங் டிங் டிங்... அதேதான். அந்தப் பாழாப்போன டூ ஸ்ட்ரோக்கு. அதோட அந்தச் சிரிப்பும்.

"வலியில்லம்மா. மேடு ஏறிட்டிருக்காரு. சித்த நேரம் எழுப்பாதே"ன்னேன்.

தம்பி, உங்க போனுல ஒரு நம்பர் போட்டுக் குடுங்க. என் தம்பிக்குத்தான். ஹலோ? நாச்சிமுத்தா? அக்கா பேசறேன். நல்லாருக்காருடா, அழுவாதே. கேளு. அந்த வண்டிய வேற யாருக்கும் குடுத்துராதே. ஆமா, எஸ்டிதான். ஆனா ஒண்ணு, என் வூட்டு வாசலுக்குள்ள அது வரக்கூடாது. உன் தோட்டத்துலயே நிக்கட்டும். மச்சானுக்குக் கால் சரியானதும் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஓட்டிட்டுப் போகட்டும். பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்து சேந்துரோணும், சட்டைய அங்கயே தொவைச்சுப் போட்டுட்டு வரோணும்.

ஊருல உலகத்துல யாரும் செய்யாததா என்ன? தெரியாத மாதிரி இருந்துக்கறேன்.